விறகுக்கு எந்த மெஷின்? ஒரு மெக்கானிக்கின் கேள்வி பதில்

மானாமதுரைப் பக்கம் 23 ஆண்டுகளாகச் சங்கிலி ரம்பம் பழுது பார்க்கிறேன். எங்கள் பக்கம் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. மரம் அறுக்கும் மெஷின், சுருக்கமாக மெஷின். விறகு வெட்டுகிறவர்களும் கரிமூட்டம் போடுகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்தக் கம்பெனியும் எனக்குக் கமிஷன் தருவதில்லை.

கமுதி, கரிமூட்டக்காரர்: அண்ணே, சீமைக்கருவேலம் மட்டும்தான் வெட்டுகிறோம். தினமும் ஆறு ஏழு மணி நேரம் ஓட வேண்டும். சக்தியும் வேண்டும், அடிக்கடி பட்டறைக்கும் வரக்கூடாது. 70 சிசி வாங்கலாமா?

மெஷினைப் பார்ப்பதற்கு முன் மரத்தைப் பாருங்கள் தம்பி. கருவேலங்காட்டில் நீங்கள் அறுக்கும் கட்டையில் முக்கால்வாசி கைப் பருமன் முதல் தொடைப் பருமன் வரைதான். தூர் மட்டுமே அதைத் தாண்டும். இதற்கு 50 சிசி தொழில்முறை மெஷினும் 16 அல்லது 18 அங்குலப் பாரும் (செயின் சுற்றி ஓடும் தகடு) தாராளம். 70 சிசி என்றால் கையில் ஒரு கிலோவுக்கு மேல் கூடும். காலை எட்டு மணிக்கு அது தெரியாது. மதியம் இரண்டு மணிக்குத் தோள்பட்டை சொல்லும்.

‘தொழில்முறை’ என்ற சொல்லை அட்டைப்பெட்டியில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் ஓர் உதாரணம் தருகிறேன். ஒரே கம்பெனியின் இரண்டு மெஷின்கள். ஸ்டில் எம்எஸ் 250 என்பது 45.4 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ. எம்எஸ் 261 என்பது 50.2 சிசி, 3.0 கிலோவாட், 4.9 கிலோ. சிசியில் வித்தியாசம் ஐந்துகூட இல்லை. எடையில் 300 கிராம்தான். சக்தியில் 30 சதவீதம். முதலாவது தோட்டக்காரருக்கு, இரண்டாவது நாள் முழுக்க வெட்டுகிறவருக்கு. முதலாவது மோசம் என்று சொல்ல வரவில்லை. வாரம் ஒருநாள் வெட்டுகிற விவசாயி அதை வைத்துக்கொண்டு பத்து ஆண்டுகள் நிம்மதியாக இருக்கலாம்.

உள்ளே திறந்தால் வித்தியாசம் இன்னும் தெரியும். தோட்ட மெஷினில் என்ஜின் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். பிஸ்டனைப் பார்க்க வேண்டுமென்றால் என்ஜின் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். தொழில்முறை மெஷினில் அடிப்பகுதியே மெக்னீசிய வார்ப்பு. மேலே நாலு போல்ட்டைக் கழற்றினால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். அரை நாள் வேலை, உங்களுக்கு அரை நாள் கூலி நட்டம், அவ்வளவுதான். ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்பியும் இதே வகுப்புதான்.

நம்பகம் பற்றிக் கேட்டீர்கள். வாங்கப் போகும் கடையில் மூன்று சாமான் கேளுங்கள்: ஸ்டார்ட்டர் ஸ்பிரிங், ஆயில் பம்ப், கார்புரேட்டர் டயாபிராம். எடுத்து மேசைமேல் வைத்தால் அங்கே வாங்குங்கள். ‘கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்துத் தருகிறோம்’ என்றால், மெஷின் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் வேண்டாம்.

திருப்புவனம்: பட்ஜெட் 10 ஆயிரம்தான். இணையத்தில் 58 சிசி மெஷின் வருகிறது. வாங்கலாமா ஐயா?

அதன் 58 சிசியை நான் ஒருமுறை அளந்து பார்த்தேன். பட்டறைக்கு வந்த ஒன்றைப் பிரித்து வெர்னியரை வைத்தால் சிலிண்டர் விட்டம் 45.2 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 34 மில்லிமீட்டர். பெருக்கினால் 54.6 சிசி வருகிறது. மீதி 3.4 சிசி ஸ்டிக்கரில் இருந்தது.

இரண்டு சென்ட் வேலியைச் சுத்தம் செய்ய, வீட்டு அடுப்புக்கு விறகு போட, இது ஓடும். சில ஓடுகின்றன, சில ஓடுவதில்லை; ஒரே பெட்டியில் வந்த இரண்டு மெஷின்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. கூலிக்கு வெட்டுகிறவர் வாங்கினால் முதல் ஆண்டிலேயே இன்னொன்று வாங்குவார். 10 ஆயிரம்தான் இருக்கிறதென்றால் நல்ல மெஷினைப் பழையதாகத் தேடுங்கள். சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் வாங்கலாம். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இளையான்குடி: 62 சிசி 3.5 குதிரைத்திறன் என்று போட்டிருக்கிறதே, அது 50 சிசியைவிடச் சக்தி அதிகம்தானே?

மேலே உள்ள பதிலைப் படிக்கவும். 50.2 சிசியில் 3.0 கிலோவாட் என்றால் நாலு குதிரைத்திறனுக்கும் மேல்.

அருப்புக்கோட்டை, விறகுக் கடை: புதிய மெஷின் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது, இழுக்கவே மாட்டேன் என்கிறது. புகைகிறது, கட்டை கருகுகிறது. என்ஜின் போய்விட்டதா?

செயின் போய்விட்டது. ஒரு கட்டையை அறுத்து, கீழே விழுவதை உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். தேங்காய்த் துருவல்போலச் சீவல் விழுந்தால் பல் கூர்மை. மாவுபோல விழுந்தால் மொட்டை. மொட்டைச் செயினோடு அழுத்தி அறுக்கும்போது பார் தேய்கிறது, கிளட்ச் சூடாகிறது, கடைசியில் பழி என்ஜின்மேல் விழுகிறது. என் பட்டறைக்கு ‘சக்தி இல்லை’ என்று வரும் மெஷின்களில் பாதிக்கு நான் செய்யும் வைத்தியம் அரம் போடுவதுதான்.

செயினின் கண்ணி அளவு (பிட்ச்) 0.325 அங்குலம் என்றால் 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், 3/8 அங்குலம் என்றால் 5.2 அல்லது 5.5. முப்பது டிகிரிச் சாய்வு, உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளல், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு போதும். பல்லுக்கு முன்னால் ஒரு சிறு மேடு நிற்கிறது, பாருங்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று சொல்வது அதுதான். பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்து இருக்க வேண்டும். அதை ஒரேயடியாக ராவித் தள்ளிவிட்டால் மெஷின் கட்டையைக் கடித்துக்கொண்டு உதறும். உதறும் மெஷின்தான் மூக்கால், அதாவது பார் நுனியால், அடிக்கும்.

கண்மாய்க்குள் வெட்டுகிறவர்கள் ‘செமி சிசல்’ செயின் என்று கேட்டு வாங்குங்கள். பல்லின் மூலை உருண்டையாக இருக்கும், சேறும் மணலும் பட்டால் சீக்கிரம் மழுங்காது. இன்றைய செயின் பல்லின் வடிவமே ஒரு புழுவிடம் கற்றது. 1940களில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாகத் தாடையை ஓட்டுவதைப் பார்த்துத்தான் இதை வடிவமைத்தார்.

ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு நிலையான கடை, மின்சாரம் இருக்கிறது. கட்டை உங்களிடம் வருகிறது. மோட்டார் வைத்த வட்ட ரம்பம் போடாமல் ஏன் பெட்ரோல் எரிக்கிறீர்கள்?

சாயல்குடி: 24 அங்குலப் பார் போட்டால் குனியாமல் வெட்டலாம் அல்லவா?

50 சிசியில் போட்டால் மெஷின் திணறும், ஆயில் நுனிவரை போகாது. அதைவிட முக்கியம், நீளமான பாரின் மூக்கு எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. பார் நுனியின் மேல் கால்வாசி ஒரு கட்டையைத் தொட்டால் போதும், பார் உங்கள் முகத்துக்கு எழும்பும். கண்ணிமைக்கும் நேரம்கூட அதிகம். மூக்கால் தொடாதீர்கள். இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி இருக்கட்டும். குனிய முடியவில்லை என்றால் கட்டையை உயரத்தில் வையுங்கள்.

பரமக்குடி, 20 ஆண்டு அனுபவம்: செயினுக்குத் தனி ஆயில் என்பதெல்லாம் கம்பெனி வியாபாரம். லாரிப் பட்டறையில் வடித்த பழைய என்ஜின் ஆயிலைத்தான் ஊற்றுகிறேன். ஒரு குறையும் இல்லை.

அண்ணே, வணக்கம். இருபது ஆண்டில் எத்தனை ஆயில் பம்ப் மாற்றினீர்கள் என்பதையும் எழுதியிருக்கலாம்.

செயின் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூக்கைச் சுற்றித் திரும்பும்போது சாதாரண ஆயிலை உதறித் தள்ளிவிடும். செயின் ஆயிலில் ஒட்டும் பசை சேர்த்திருப்பது அதனால்தான். பழைய ஆயிலில் லாரி என்ஜினில் தேய்ந்த இரும்புத் துகள் கலந்திருக்கிறது. அதைக் கொண்டு செயினுக்கு எண்ணெய் போடுவது, மணலைக் கலந்து சாணை பிடிப்பதுபோல. இன்னொன்று: இந்த ஆயில் எங்கும் திரும்பிப் போவதில்லை. ஊற்றியது முழுவதும் தூறலாக உங்கள் கையிலும் மூச்சிலும் மண்ணிலும் இறங்குகிறது. பழைய என்ஜின் ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருக்கின்றன. இதைக் கம்பெனிக்காரன் சொல்லவில்லை, மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

அதே பரமக்குடி: பம்ப் இரண்டு மாற்றினேன். ஆயில் மிச்சம் பிடித்ததைக் கணக்குப் போட்டால் அது ஒன்றுமில்லை.

பார் எத்தனை? செயின் எத்தனை? அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை செயினை இறுக்க மெஷினை நிறுத்துகிறீர்களே, அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுத்தது?

முதுகுளத்தூர்: நானும் பழைய ஆயில்தான். எங்கள் ஊரில் எல்லோரும் அதுதான்.

ஊரோடு ஒத்து வாழுங்கள். ஆனால் பழுதுக்கு என்னிடம் வரும்போது அடித்துப் பேசாதீர்கள்.

காளையார்கோவில்: இரண்டுக்கும் நடுவே வழி இல்லையா? புங்க எண்ணெய் ஊற்றினால் என்ன?

இது நல்ல கேள்வி. ஐரோப்பாவில் கடுகு இனத்து ரேப்சீட் எண்ணெயில் செய்த செயின் ஆயிலே கடையில் விற்கிறது. மண்ணுக்குக் கெடுதல் இல்லை என்பதால் காட்டு வேலைக்கு அதை விரும்புகிறார்கள். நானும் ஆசைப்பட்டுப் புங்க எண்ணெயை ஒரு பழைய மெஷினில் ஊற்றினேன். ஓடுகிறவரை அருமையாக ஓடியது. பத்து நாள் மூலையில் வைத்துவிட்டு எடுத்தால் செயின் ஒரு கண்ணிகூட மடங்கவில்லை, வார்னிஷ் அடித்ததுபோல இறுகிவிட்டது. மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுத்தான் பிரித்தேன். தாவர எண்ணெய் காற்றுப்பட்டால் காய்ந்து பிசினாகும். கடையில் விற்பதில் அதைத் தடுக்க மருந்து சேர்க்கிறார்கள், செக்கில் ஆட்டியதில் அது கிடையாது.

நடு வழி இருக்கிறது. செயின் ஆயில் கிடைக்காத நாளில் புதிய என்ஜின் ஆயிலை ஊற்றுங்கள். புதியது. பரமக்குடி அண்ணன் காதில் விழும்படி இன்னொரு முறை: புதியது. எதை ஊற்றினாலும் காலையில் மூக்கை ஒரு வெள்ளைக் காகிதத்துக்கு ஒரு சாண் மேலே பிடித்து ஆக்சிலேட்டர் கொடுங்கள். காகிதத்தில் கோடாக ஆயில் தெளித்தால் வேலையைத் தொடங்கலாம்.

பரமக்குடி: சரி, அடுத்த மெஷினிலிருந்து பார்க்கிறேன்.

இப்போதே பாருங்கள் அண்ணே.

ராஜசிங்கமங்கலம்: பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களாமே, மெஷின் கெடுமா? ஆயில் எவ்வளவு கலக்க வேண்டும்?

கம்பெனி சொல்லும் டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. வேறு ஆயில் என்றால் பெரும்பாலும் 40. மெஷினோடு வரும் கையேட்டில் பாருங்கள். ‘இன்னும் கொஞ்சம் ஊற்றினால் நல்லது’ என்று கைக்கு வந்தபடி ஊற்றினால் பிளக்கில் கரி பிடிக்கும்.

இப்போது பங்க்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். நம்பாவிட்டால் அளவுக்கோடு போட்ட பாட்டிலில் 100 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். அடியில் நிற்கும் தண்ணீர் 30 மில்லியை நெருங்கும், எத்தனால் அதோடு போய்ச் சேர்ந்துவிட்டது. மழைக்காலத்தில் உங்கள் கேனுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. காற்றின் ஈரத்தை எத்தனால் இழுக்கும், ஒரு கட்டத்தில் பிரிந்து அடியில் இறங்கும். மெஷின் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். அந்தத் திரவத்தில் ஆயில் கிடையாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். மெஷினை ஓரங்கட்டும்போது டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

தொண்டி: எது நல்ல கம்பெனி?

முதல் பதில்.

சிங்கம்புணரி: சுருக்கமாக ஒரே ஒரு மாடல் சொல்லுங்கள் அண்ணே.

முதல் பதில். அரம் வாங்க மறக்காதீர்கள்.

கொடைக்கானல்: தோட்டத்தில் சில்வர் ஓக் வெட்ட எந்த மெஷின்? அனுமதி வேண்டுமா?

மெஷின் 60 முதல் 70 சிசி, 20 அங்குலப் பார். அனுமதி என் வேலை இல்லை. மலைப்பகுதி மரங்களுக்கென்றே 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, மெஷின் வாங்குவதற்கு முன் வனத்துறை அலுவலகத்துக்குப் போங்கள்.

மண்டபம் பக்கம், ஒரு சகோதரி: என் கணவர் கைலியை மடித்துக் கட்டி, செருப்புக் காலோடு மெஷின் ஓட்டுகிறார். சொன்னால் கேட்பதில்லை. அவருக்கு என்ன வாங்கித் தரலாம்?

இத்தனை பேரில் மெஷினைப் பற்றிக் கேட்காத ஒரே ஆள் நீங்கள்தான் அம்மா.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுவாரம் பட்டுக்கோட்டைப் பக்கம் மெஷின் பழுது பார்க்கப் போயிருந்தேன். அன்றுதான் மெஷினைத் தொட்ட இளைஞன் ஒருவன், தென்னை மேலே விழுந்ததால் வில்லாக வளைந்து நின்ற ஒரு மரக்கிளையை உள்வளைவில் சீவாமல் வெளிவளைவில் ஒரே வெட்டாக வெட்டினான். கிளை நிமிர்ந்த வேகத்தில் மெஷின் தொடையில் விழுந்தது. அவனும் கைலிதான். பிழைத்துக்கொண்டான், நடை சரியாகவில்லை. உங்கள் வீட்டுக்காரர் வெட்டும் கருவேலங்கிளைகளும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி இப்படித்தான் வளைந்து நிற்கும். உள்வளைவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி விறைப்பைக் குறைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

வாங்க வேண்டியது கால் கவசம். உள்ளே நீளநீளமான நூலிழைகளை அடுக்கித் தைத்திருப்பார்கள். செயின் பட்டால் இழைகள் உருவி வந்து பல்சக்கரத்தில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். முழுக் கால்சட்டையாகவும் வருகிறது, நம் வெயிலுக்கு அதைப் போடமாட்டார். முன்பக்கம் மட்டும் மறைத்து, பின்னால் வார் மாட்டும் வகையைக் கேளுங்கள். அடுத்து விரல் மறைக்கும் பூட்ஸ், வலைமூடி வைத்த ஹெல்மெட். காதுக்கும் அதிலேயே இருக்கும். அளவு தெரியாமல் வாங்காதீர்கள். கடைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இடுப்பிலிருந்து கணுக்கால்வரை அளக்க வேண்டும்.