ஆற்று மீனைத் தோலுரித்து நன்றாக வேகவைத்தால் கன உலோகம் போய்விடுமா?

போகாது. ஆலைக் கழிவு கலக்கும் ஆறு, வாரம் இரண்டு மூன்று நாள் அந்த ஆற்று மீன்தான் என்ற நிலையில் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

காட்மியம் மீனின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும். ஈயம் முள்ளிலும் செவுளிலும் செதிலிலும். குடலையும் ஈரலையும் உடையாமல் எடுத்து, தலையையும் செவுளையும் வீசிவிட்டால் இரண்டும் ஓரளவு குறையும். முதுகெலும்பை ஒட்டி உட்புறமாக ஓடும் கருஞ்சிவப்புப் பட்டைதான் சிறுநீரகம். பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், சுரண்டி வழித்துவிடுங்கள். முள்ளோடு மென்று தின்னும் பொடிமீனில் ஈயத்துக்குத் தப்ப வழியில்லை.

பாதரசத்திடம் இந்தக் கத்தி வேலை பலிக்காது. ஆற்றடி வண்டலில் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது கொழுப்பில் தங்காமல் தசைப் புரதத்தோடு பிணைந்துவிடும். வறுத்தால் நீர் வற்றி, கிராமுக்கான அளவு கூடத்தான் செய்யும். பிற மீனைத் தின்று வளர்ந்த பெரிய, வயதான மீனில் மிக அதிகம்.

மீனே தொடாதீர்கள் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கணக்குப் போட்டுச் சாப்பிடுங்கள் என்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை மனத்தில் வைத்து 2003இல் சொன்ன வரம்பு: உடல் எடையில் கிலோவுக்கு, வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். 60 கிலோ பெண்ணுக்கு 96 மைக்ரோகிராம். மீனில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் இருந்தால் 192 கிராமிலேயே அந்த வாரக் கணக்கு முடிந்தது. ரத்தத்தில் ஏறியது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 50 நாள் ஆகும். அதனால் கர்ப்பம் உறுதியான பின் நிறுத்துவது தாமதம். சில மாதம் முன்பே மீனை மாற்ற வேண்டும். ஈயத்துக்கு இருந்த வரம்பை அதே குழு 2010இல் விலக்கிக்கொண்டது. பாதுகாப்பானது என்று ஓர் அளவைச் சொல்ல முடியவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது, தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டு "மீனும் நல்லது" என்பவர்கள் மீதுதான். பெரிய மீனில் மெத்தில் பாதரசம் சுற்றியுள்ள நீரைவிடப் பல லட்சம் மடங்கு இருக்கலாம். 1965இல் ஜப்பானின் நிகாட்டாவில் அகானோ ஆற்றோர மக்களுக்கு நஞ்சேறியதும் மீன் வழியாகத்தான்.

சோதிப்பதானால் சதையைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். அறிக்கையில் ஈர எடையா, உலர் எடையா என்று பாருங்கள். சதையில் முக்கால் பங்குக்கு மேல் நீர்; உலர் எடை என்றிருந்தால் நாலு அல்லது ஐந்தால் வகுத்த பிறகே மேலே உள்ள கணக்கில் போடுங்கள்.