கோல்ஃப் ஆடினால் சுகர் குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 63. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பத்து வருடமாகச் சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பெங்களூரில் இருக்கும் மகன், ‘சனிக்கிழமை தோறும் இங்கே வந்துவிடுங்கப்பா, கோல்ஃப் பழகலாம், உடம்புக்கு நல்லது’ என்கிறான். வியர்வையே வராத பணக்கார விளையாட்டில் அப்படி என்ன நன்மை?
– வாசகர், காட்பாடி

பதில்: நானும் அப்படித்தான் கிண்டல் செய்துகொண்டிருந்தேன் ஐயா. பழைய நோயாளி ஒருவர் கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் இருந்த கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். அவர் ஆடினார், நான் சும்மா பின்னால் நடந்தேன். 18 ஹோல், அதாவது 18 குழியிலும் பந்தைப் போட்டு முடிய நாலு மணி நேரம். மறுநாள் வேலூரில் கிளினிக் மாடிப்படி ஏறும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பிசியோதெரபிஸ்டுக்கே இந்தக் கதி!

முழு ஆட்டம் ஆடினால் ஆறேழு கிலோமீட்டருக்குக் குறையாது. ஓட்டம் இல்லை, அதனால் முட்டிக்கு அடி குறைவு. மேடு பள்ளமான புல்தரையில் நடப்பதால் உடம்பின் சமநிலையும் பழகும். ஸ்வீடனில் சுமார் 3,00,000 கோல்ஃப் ஆட்டக்காரர்களின் பதிவுகளைப் பார்த்த அந்நாட்டின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதே வயதுள்ள மற்றவர்களைவிட இவர்களிடம் இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவு என்றார்கள். இதை நான் அப்படியே விழுங்கமாட்டேன். நாலு மணி நேரம் நடக்கத் தெம்பிருப்பவர்தானே ஆடவே போகிறார்?

சுகருக்கு வருவோம். நடக்கும்போது தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். சில மாத்திரைகளோடு இவ்வளவு நேரம் நடந்தால் சுகர் ஒரேயடியாக இறங்கிவிடும். எந்த மாத்திரை என்று டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். நடையால் சுகர் குறையும் பலனும் ஓரிரு நாள்தான் நிற்கும். சனிக்கிழமை ஆடிவிட்டு மற்ற நாளெல்லாம் உட்கார்ந்திருந்தால் பிரயோஜனமில்லை. இங்கே இருக்கும் நாட்களில் வெயில் ஏறுவதற்குள் கோட்டைப் பக்கம் நடந்துவிடுங்கள்.

அப்புறம், எடுத்தவுடன் மட்டையை வேகமாகச் சுழற்றாதீர்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். முழங்கையின் உள்பக்க வலிக்குக் ‘கோல்ஃபர்ஸ் எல்போ’ என்றே பெயர். என்னிடம் அந்த வலியோடு வந்தவர்களில் ஒருவர்கூட கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. எல்லாம் துணி பிழிந்தவர்கள், சுத்தியல் பிடித்தவர்கள்.

மகனிடம் ஒன்று கேளுங்கள்: ஆடுகிறவர்கள் நடந்து போகிறார்களா, பேட்டரி வண்டியில் போகிறார்களா? வண்டிதான் என்றால் காட்பாடியிலேயே இருந்துவிடலாம்.