முட்டி வலிக்கு மாத்திரை மட்டும்தானா?

கேள்வி: வயது 58. முழங்கால் மூட்டுத் தேய்மானம். வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேறு வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு அம்மா. 20 வருடமாக பிசியோதெரபி செய்கிறேன். என் அம்மாவுக்கும் இதே தொல்லைதான். வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால் தொடைத்தசை மெலிந்து, பாரம் முழுக்க மூட்டில் இறங்கும். கட்டிலில் காலை நீட்டி, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வையுங்கள். துண்டை நசுக்குவதுபோல் முட்டியை அழுத்தி, 5 விநாடி பிடித்து, அப்புறம் தளர்த்துங்கள். காலையும் மாலையும் 10 தடவை. முட்டிச் சில்லுக்கு மேலே கைவைத்துப் பாருங்கள், தசை கல்லுபோல் இறுக வேண்டும். அம்மாவுக்குப் பலன் தெரிய 6 வாரம் ஆனது, நடுவில் விட்டுவிடாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் போதும். முட்டி சிவந்து வீங்கி, காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.