படுத்த படுக்கையான அம்மாவுக்கு ஏற்காடா, சேலமா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் வரவில்லை. பேச்சு குழறுகிறது. யூரின் டியூப் போட்டிருக்கிறது. உட்காரவைத்து ஊட்டினால் சாப்பிடுகிறார். வீடு அம்மாபேட்டையில், எனக்கு வேலை ஓசூரில். ஏற்காட்டில் ஒரு முதியோர் இல்லம், சேலத்திலேயே அஸ்தம்பட்டி பக்கம் ஒன்று என இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். மேலே குளிர்ச்சி, அமைதி. கீழே பழைய கட்டடம். எதில் சேர்ப்பது? என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: அம்மா இப்போது இருக்கிற நிலைக்கு சேலம்தான் சரி. தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு நடமாடுகிற பெரியவருக்கு ஏற்காடு அருமையான இடம். அம்மாவுக்கு இரண்டு விஷயங்களை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்: ராத்திரியில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் உண்டா, திடீரென்று முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்.

ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு உண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆம்புலன்ஸ் வருவது, ஸ்கேன் எடுப்பது எல்லாம் அந்தக் கணக்குக்குள்ளேயே வருகிறது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம் வந்து, பிறகு ஊருக்குள் சேலம் ஜி.எச். வரை போக சாதாரண நாளிலேயே ஒரு மணி நேரம் பிடிக்கும். ஐப்பசி மழையில் மண் சரிந்து ரோடு அடைத்தால் அதுவும் நிச்சயமில்லை. யூரின் டியூப் இருப்பவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும் இதே அவசரம்தான். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டால் சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகிவிடும்.

குளிரிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. செயலிழந்த பக்கத்தில் பலருக்கு உணர்ச்சியும் குறைந்திருக்கும். குளிருக்கு இதமாக வைக்கும் வெந்நீர்ப் பை அந்தக் காலைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் மற்றவர்கள் பார்ப்பார்கள். எந்த ஊரில் சேர்த்தாலும் வலது பக்கத்தில் வெந்நீர்ப் பை கூடவே கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து, ராத்திரி. இல்லத்தைப் பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் தரை துடைத்திருக்கும், எல்லோரும் குளித்திருப்பார்கள். அதோடு நிற்காமல் ராத்திரி ஒன்பது மணிக்கோ விடியற்காலை ஆறு மணிக்கோ ஒருமுறை போய்ப் பாருங்கள். படுத்த படுக்கையாக எத்தனை பேர், விழித்திருந்து பார்ப்பவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க, மெத்தையில் படுத்திருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். தோலை இழுக்காமல் புரட்டி, டயாபர் பார்த்து, தலையணை முட்டுக் கொடுக்க இரண்டு பேருக்குப் பத்து நிமிடமாவது ஆகும். பத்து நோயாளி என்றால் ஒரு சுற்றுக்கே நூறு நிமிடம். ஆக, பத்துப் பேருக்கு இரண்டு பேர் என்பதே இழுத்துப் பிடித்த கணக்கு. இருபது பேருக்கு ஒரு ஆயாதான் என்றால் அங்கே ராத்திரியில் யாரையும் புரட்டுவதில்லை என்றுதான் அர்த்தம், எவ்வளவு அன்பாகப் பேசினாலும். புரட்டிய நேரத்தை எழுதும் சார்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லா வரியும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

"ஏர் பெட் (பம்ப் வைத்துக் காற்றடைக்கும் மெத்தை) இருக்கிறது, புரட்டத் தேவையில்லை" என்று சில இடங்களில் சொல்வார்கள். அது தப்பு. ஏர் பெட் இருந்தாலும் புரட்ட வேண்டும். அதில் காற்று போதுமா என்று பார்க்க, அம்மா படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேராக ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். உடம்பு கையில் இடித்தால் காற்று போதாது. நடுவில் ஒரு அங்குலமாவது காற்று நிற்க வேண்டும். கரண்ட் போனால் பம்ப் நின்று மெத்தை இறங்கிவிடும், அதனால் பம்ப் யூ.பி.எஸ்.ஸில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வால் எலும்பு, குதிகால், இடுப்பு எலும்பு மூன்று இடத்திலும் தினம் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தும்போது வெளுக்காவிட்டால் உள்ளே சதை கெட ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது, அதன்மேல் படுக்கவைக்கவும் கூடாது.

சாப்பாட்டு நேரத்திலும் அங்கே இருந்து பாருங்கள். நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாய் கொஞ்சம் தாழ, சின்ன ஸ்பூனில் ஊட்ட வேண்டும். வலது கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியே இருக்கும். ஊட்டி முடித்ததும் வாய்க்குள் பார்த்து எடுத்துவிட வேண்டும். அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. தண்ணீர் குடித்தால் இருமுகிறார் என்றால் அது நுரையீரலுக்குப் போகிறது. விழுங்குவதைப் பரிசோதிக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஒரே ஆள் நாலு பேருக்கு அவசரமாக ஊட்டும் இல்லத்தில் நிமோனியா வராமல் இருப்பது கஷ்டம்.

யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. டியூபைத் தொடையில் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் புரட்டும்போதெல்லாம் இழுத்துப் புண்ணாகும். மாற்றிய தேதி, மாற்ற வேண்டிய தேதி இரண்டும் சார்ட்டில் இருக்க வேண்டும். டியூப் இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேட்கத் தயங்காதீர்கள். எடுத்துவிட முடிந்தால் பாதி தொல்லை போய்விடும்.

தூக்கும்போது வலது கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ தூக்கினால் தோள் மூட்டு இறங்கிவிடும். பிசியோதெரபி நிற்கக் கூடாது. ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி தேறாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கைவிட்டால் விரல் மடங்கி நகம் உள்ளங்கையில் குத்தும் நிலை வரும். இடம் கிடைக்கும்வரை அம்மா வீட்டில் இருப்பதானால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து செய்வார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவையுங்கள்.

ஒப்பந்தத்தில் மாதக் கட்டணத்துக்குள் என்ன வருகிறது என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். டயாபர், மருந்து, டியூப் மாற்றுவது, ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரியில் கூட இருக்கும் ஆள், எல்லாமே தனித்தனி பில்லாக வரக்கூடியவை. அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும் என்பதும் எழுத்தில் வேண்டும். சேர்க்கும் அன்று உடம்பில் ஏற்கெனவே இருக்கிற புண், காயத்தைப் படம் எடுத்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் சண்டை வராது. இல்லத்துக்குப் பதிவு உண்டா என்பதைக் கலெக்டர் ஆபீஸில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கட்டணத்துக்குப் பதிலாக வீட்டை எழுதிக்கொடுக்கும் ஏற்பாட்டுக்குப் போகவே வேண்டாம். சொந்தத்திலேயே யாருக்காவது அம்மா எழுதிக்கொடுப்பதானாலும், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அது இருந்தால் 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். கூடப் பிறந்தவர்கள் செலவில் பங்கு தர மறுத்தால் அதே சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுங்கள். வழி தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567.

அம்மாவால் கையெழுத்துப் போட முடியாததால் பேங்கிலும் ஒரு வேலை இருக்கிறது. இடது கைப் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் பேங்க் அதிகாரி. சேர்ப்பதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

சேர்க்கும் அன்று டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, மூக்குக் கண்ணாடி, பல்செட் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பேச்சு குழறுகிறவரை ஒன்றும் புரியாதவர் என்று புதிய ஆட்கள் நினைத்துவிடுவார்கள். "ஆமாம்" என்பதற்கு அம்மா என்ன செய்வார், "வேண்டாம்" என்பதற்கு என்ன செய்வார், வலி என்றால் முகம் எப்படிப் போகும், அவரை எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார் என்பதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிட்டு வாருங்கள்.