கரிசல் மண்ணில் மேட்டுப்பாத்தி: கேள்வி-பதில்

பல்லடம் பக்கம், கரிசல் மண்ணுங்க. பொடக்காளியில் (வீட்டுக்குப் பின்புறம்) மேட்டுப்பாத்தி போட எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) இறக்கலாமா? மண் பொலபொலவென்று ஆகுமா?

இறக்காதீர்கள். எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். கரிசல் களிமண்தான்; களியின் குணம் மாற வேண்டுமென்றால் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும். கொஞ்சமாகக் கலந்தால் மணலின் இடுக்குகளைக் களி அடைத்துக்கொள்ளும். காய்ந்ததும் சுட்ட செங்கல்தான். அந்தக் காசுக்கு நன்றாக மக்கிய குப்பை வாங்குங்கள். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு குப்பை போதும். பாத்தி முக்கால் அடி முதல் ஒரு அடி உயரம் இருந்தால் ஐப்பசி மழையில் வேர் அழுகாது. அகலம் நான்கடியைத் தாண்ட வேண்டாம். இரண்டு பக்கமும் நின்றே வேலை பார்க்கலாம், உள்ளே மிதிக்க வேண்டியிருக்காது.

கொத்துவதற்குப் பதம் முக்கியம். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். பிசுபிசுவென்று ஒட்டினால் மண்வெட்டியைத் தொடவே வேண்டாம்; ஈரக் களியைக் கிளறினால் கட்டி கட்டியாகிவிடும், உடைக்க ஒரு பட்டமே (சாகுபடிப் பருவமே) போய்விடும். குப்பை மக்க மக்கப் பாத்தி அமுங்கத்தான் செய்யும், பயப்படாதீர்கள். ஒவ்வொரு பட்டத்துக்கும் மேலே இரண்டு விரல் கனம் குப்பை போட்டு மூடாக்கு இடுங்கள். முதல் வருடம் வெண்டை, கத்தரி, கீரை. கேரட் ஆசை அப்புறம்.

ஜிப்சம் போட்டால் களி இளகுமாமே? (உடுமலை)

களர் மண்ணில் இளகும். அங்கே துகள்களைப் பிரித்து வைத்திருப்பது சோடியம். ஜிப்சத்தின் கால்சியம் அதை விரட்டும், நல்ல தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போகும். நம் கரிசலில் பல இடங்களில் சுண்ணாம்பு, அதாவது கால்சியம், ஏற்கெனவே கிடக்கிறது. ஒரு கட்டியில் வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. மண் பரிசோதனையில் களர் என்று வந்தால் மட்டும் ஜிப்சம் வாங்குங்கள்.

பொள்ளாச்சியில் தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது. அப்படியே போடலாமா?

பச்சையாகக் கூடாது. அதில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) சொற்பம். மக்கும்போது மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில், ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் மக்க விடுங்கள். கறுத்து, மண் வாசம் வந்த பிறகு பாத்திக்குக் கொண்டுபோகலாம்.

குளத்து வண்டல்?

காங்கயம் பக்கத்துச் சரளைச் செம்மண்ணுக்கு அருமை. உங்களுக்கு வேண்டாம், அதுவும் களிதான்.

வெண்டையில் இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. என்னங்க செய்வது?

இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கலந்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள். நரம்பு மஞ்சளாகி நடுவே பச்சையாக இருந்தால் கதை வேறு: அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள்.