தமிழ் தெரியாத சிகிச்சையாளரிடம் தமிழ் பேசும் குழந்தையை அழைத்துப் போகிறீர்களா?

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்:

"மகனுக்கு இரண்டு வயது ஏழு மாதம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். நான்கு மாதத்துக்கு முன்பு வரை என் மாமியார்தான் அவனை முழு நேரமும் பார்த்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறான். அங்கே வாயே திறப்பதில்லை என்கிறார் ஆசிரியை. வீட்டில் முப்பது சொல் போலச் சொல்வான், அதில் பாதி எங்களுக்கு மட்டும்தான் புரியும். பலதுறை மருந்தகத்தில் காட்டினோம். மருத்துவமனையில் பேச்சு, மொழி சிகிச்சையாளரைப் பார்க்க ஆறு வாரம் கழித்து நேரம் கிடைத்திருக்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாதாம். 'அதுவரை வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள், இல்லையென்றால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிவிடுவார்கள்' என்கிறார் என் அக்கா. என்ன செய்வது? என்ன எடுத்துப் போவது?"

ஆங்கிலத்துக்கு மாறாதீர்கள். ஆறு வாரத்தில் உங்கள் மகன் ஆங்கிலம் பேசிவிட மாட்டான்; பாட்டி வாயை மூடிக்கொள்வார், அவ்வளவுதான் நடக்கும். அவனோடு அதிகம் பேசியவர் அவர்தான். பேச்சு போதவில்லை என்று கவலைப்படும் வீட்டில் முதலில் அவரையா ஊமையாக்குவது?

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. நான் வேலை செய்யும் பேச்சு, மொழி சிகிச்சைத் துறையில் இது நெடுநாளைக்கு முன்பே தீர்ந்துபோன விஷயம். காப்பிக்கடை மேசைகளில்தான் இன்னும் தீரவில்லை. மொழி வளர்ச்சியில் உண்மையாகவே சிக்கல் இருந்தால் அது குழந்தையின் இரண்டு மொழியிலும் தெரியும். ஒன்றில் மட்டும் பின்தங்கியிருந்தால், பெரும்பாலும் அந்த மொழியை அவன் போதிய அளவு கேட்கவில்லை என்றுதான் பொருள். இதைப் பிரித்தறிய எங்களுக்கு இரண்டு மொழியும் வேண்டும். தமிழை மூட்டை கட்டிவிட்டு வந்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

பள்ளியில் வாய் திறக்காததை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். புதிய மொழிக்குள் போய் விழுந்த குழந்தை சில மாதம் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பது இயல்பு. ஆனால் வீட்டுக் கணக்கு எனக்கும் கொஞ்சம் இடிக்கிறது. இரண்டு வயது நிறையும்போது ஏறக்குறைய ஐம்பது சொல்லும், 'பால் தா' என்பது போல இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வதும் நாங்கள் எதிர்பார்ப்பவை. இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணித்தான் ஐம்பது. உங்கள் மகன் இரண்டரையைத் தாண்டிவிட்டான். ஆகவே கிடைத்த நேரத்தை விட்டுவிடாதீர்கள். 'ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்', 'அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினார்' என்ற ஆறுதல்கள் வரும். சொல்பவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அக்காவின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தமிழ் தெரியாத சக சிகிச்சையாளர் ஒருவர் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்குப் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். சீப்புப் படத்தைக் காட்டியதும் அவள் தெளிவாக 'சீப்பு' என்றாள். அவர் காதில் அது ஆங்கிலத்தில் ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்' என்று விழுந்தது. தவறு என்று குறித்துவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, காது அப்படி. அன்று அவளுடைய அம்மா ஒரு தாளில் நான்கு சொல் எழுதி எடுத்து வந்திருந்தால் அது நடந்திருக்காது.

இங்கே தமிழ் தெரிந்த பேச்சு, மொழி சிகிச்சையாளர்கள் மிகவும் குறைவு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதற்கான முதுகலைப் படிப்பு 2007இல்தான் தொடங்கியது. அதற்கு முன் படித்தவர்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோ போய்ப் படித்தவர்கள். நாங்கள் பயன்படுத்தும் தேர்வுகளில் பல, ஆங்கிலம் மட்டுமே பேசி வளரும் பிள்ளைகளை வைத்து அளவு குறிக்கப்பட்டவை. தமிழும் ஆங்கிலமும் கலந்து வளரும் செங்காங் பையனுக்கு அந்த மதிப்பெண்ணை அப்படியே ஒட்ட முடியாது. நல்ல சிகிச்சையாளருக்கு இது தெரியும். எண்ணை மட்டும் நம்பாமல் விளையாட்டில் கவனிப்பார்; புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்து எவ்வளவு விரைவில் பிடித்துக்கொள்கிறான் என்று பார்ப்பார்; குடும்பத்தைக் கேட்பார். அவர் கேட்கும்போது கையில் பதில் இருக்க வேண்டும். அவனுடைய தமிழை அந்த அறைக்குள் கொண்டுவர உங்களால் மட்டும்தான் முடியும்.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வாங்கிக் குளிர்பதனப் பெட்டியின் மேல் வையுங்கள். அவன் தானாகச் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும், அவன் சொல்லும் ஒலியிலேயே எழுதுங்கள். பக்கத்தில் பொருள், யாரிடம் சொன்னான், எப்போது சொன்னான். எது சொல், எது சொல் அல்ல என்று பெற்றோர் மிகவும் தடுமாறுவார்கள். அளவுகோல் எளிது: ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைத் தானாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அது சொல். தண்ணீரை 'ண்ணீ' என்றாலும் சொல்தான். நீங்கள் 'சொல்லு, சொல்லு' என்று கெஞ்சி, கிளி போலத் திருப்பிச் சொன்னது கணக்கில் வராது. வீட்டில் தண்ணீர் என்றும் பள்ளியில் 'வாட்டர்' என்றும் சொல்கிறானா? இரண்டையும் எழுதுங்கள்.

முக்கியமாக, நம் மழலைச் சொற்களை விட்டுவிடாதீர்கள். பாலுக்கு 'இங்கா', சோற்றுக்கு 'மம்மு', தூக்கத்துக்கு 'தாச்சி', சாமிக்கு 'உம்மாச்சி', அடிபட்டால் 'உவ்வா'. இவை எல்லாமே சொற்கள். தமிழ் தெரியாதவர் காதில் இவை வெறும் உளறலாகத்தான் விழும். முப்பது என்கிறீர்கள்; இவற்றையும் சேர்த்த முப்பதா, சேர்க்காத முப்பதா? எத்தனையோ வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பிறகு எண்ணிக்கை கூடியிருக்கிறது.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது, ஆனால் எனக்கு இதில்தான் ருசி அதிகம். ஆங்கிலத்தில் நாங்கள் ஒரு வாக்கியத்தில் எத்தனை சொல் என்று பார்ப்போம். தமிழில் இலக்கணம் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. 'வரமாட்டேன்' என்பது ஒரே சொல்; ஆங்கிலத்தில் அதற்கு மூன்று சொல்லாவது வேண்டும். யார் வரவில்லை, வர விருப்பமில்லை என்பதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் மகன் 'வரமாட்டேன்' என்று மட்டும் சொன்னால் அது யாரிடமோ கேட்டு அப்படியே விழுங்கியதாக இருக்கலாம். ஆனால் 'சாப்பிடமாட்டேன்', 'தரமாட்டேன்' என்று அதே வாலை வேறு வேறு சொல்லில் ஒட்டினால், மறுப்பதற்கு அந்த ஒட்டு உதவும் என்பது அவனுக்குப் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். 'பாட்டி' என்பதற்கும் 'பாட்டியோட' என்பதற்கும் வேறுபாடு காட்டுகிறானா என்பதும் அப்படித்தான். இப்படி எது காதில் விழுந்தாலும் நோட்டில் எழுதி, பக்கத்தில் நேர்ப்பொருளை ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழ் தெரியாத சிகிச்சையாளருக்கு இது பொன் போன்றது.

உச்சரிப்பைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள். ர, ற, ழ எல்லாம் தாமதமாக வரும் ஒலிகள். ழகரத்துக்காக இரண்டரை வயதுப் பிள்ளையைத் திருத்துகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போய், வாழைப்பழத்தைப் பெரியவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று கவனிக்கலாம். அதேபோல, பிள்ளையிடம் பேச்சுத் தமிழிலேயே பேசுங்கள். அவனுக்குச் செய்தி வாசிக்க வேண்டியதில்லை.

புரிந்துகொள்வது எவ்வளவு என்பதை, பேசுவதைவிடக் கவனமாகப் பாருங்கள். கையால் காட்டாமல், கண்ணாலும் சுட்டாமல், 'அப்பா செருப்பை எடுத்துக்கொண்டு வா' என்று சொல்லிப் பாருங்கள். போய் எடுத்து வந்தால் நல்ல செய்தி. நீங்கள் செருப்பைப் பார்த்தால்தான் அவனும் பார்க்கிறான் என்றால் அதையும் எழுதுங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, தனக்குப் பிடித்ததை விரலால் சுட்டி உங்களுக்குக் காட்டுவதில்லை, முன்பு சொன்ன சொற்களை இப்போது விட்டுவிட்டான் என்ற மூன்றில் எது இருந்தாலும் ஆறு வாரம் காத்திருக்காமல் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள், நேரத்தை முன்னுக்குக் கொண்டுவர முயல்வார்கள்.

காணொளி மூன்று போதும், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்: பாட்டி சோறூட்டும்போது ஒன்று, விளையாடும்போது ஒன்று, ஏதாவது வேண்டுமென்று அடம்பிடிக்கும்போது ஒன்று. பேச்சு அதிகம் வருவது அடத்தில்தான். கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். முகத்துக்கு நேரே பிடித்தால் பேசுவதை நிறுத்திவிட்டுக் கைப்பேசியைப் பிடுங்க வருவான். தொலைக்காட்சி ஓடக்கூடாது.

காது. இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். பிறந்தபோது செய்த செவிச் சோதனையில் தேறிவிட்டான் என்பது இன்றைய காதுக்கு உத்தரவாதம் அல்ல. பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் சளி மாற்றி சளி வரும். நடுக்காதில் நீர் தேங்கினால் வலி இல்லாமலே கேட்பது மங்கும். செவிச் சோதனைக்குத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று பரிந்துரைக் கடிதத்தில் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

நாக்குக்கு அடியில் இழை ஒட்டியிருப்பதை வெட்டிவிட்டால் பேசிவிடுவான் என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒட்டு சில ஒலிகளைப் பாதிக்கலாம். சொல்லின் எண்ணிக்கையைக் குறைக்காது. வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவும் பழக்கமும் வேண்டாம், அதில் உடலுக்குத் தீங்கு செய்யும் பொருள் இருக்கிறது. திரை விஷயத்தில், 2025 ஜனவரியில் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டி 18 மாதம் முதல் 6 வயது வரை பள்ளி நேரம் போக நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கும் குறைவாக என்கிறது. என் அனுபவத்தில், சோறூட்டும்போது கைப்பேசியை எடுத்துவிட்டாலே அரை மணி நேரப் பேச்சு திரும்பக் கிடைக்கிறது.

இந்த ஆறு வாரத்தில் பாட்டிக்கு ஒரு வேலை கொடுங்கள். பேரன் வாய் திறக்கும் முன்பே அவனுக்கு வேண்டியது கைக்கு வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். பாட்டி வளர்த்த பிள்ளைகளிடம் இது அநேகமாக உண்டு, அன்பின் கோளாறு. பிடித்த பிஸ்கட்டை மூடி இறுகிய கண்ணாடிப் போத்தலில் போட்டு, அவன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணட்டும். அவன் பார்வை, சைகை, ஒலி எதையாவது அனுப்பியதும் 'திறக்கணுமா? திற!' என்று சொல்லித் திறக்கட்டும். கை தட்டிப் பாடும் பாட்டில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்க்கட்டும். அவன் 'வண்டி' என்றால் 'பெரிய வண்டி' என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லட்டும். கேள்வி மேல் கேள்வி கேட்க வேண்டாம். சிகிச்சை அறையில் நாங்கள் தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதிவிட்டு, மூடியை மூடிவிட்டுக் காத்திருப்பது இதே வேலைதான். பார்க்கும் பெற்றோருக்கு 'விளையாடிவிட்டுக் காசு வாங்குகிறார்கள்' என்று தோன்றும்.

சிகிச்சையாளரைப் பார்த்த பிறகு பல வழிகள் உண்டு. வீட்டில் செய்வதைச் சொல்லிக்கொடுத்துச் சில மாதத்தில் மறுபடி வரச் சொல்லலாம். தொடர்ந்து சிகிச்சைக்கு வரச் சொல்லலாம். கூடுதல் உதவி தேவைப்பட்டால் உடற்குறையுள்ளோருக்கு உதவும் அமைப்பான எஸ்ஜி எனேபல் வழியாக, சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான தொடக்க ஆதரவுத் திட்டமான எய்பிக்குக்குப் பரிந்துரைக்கலாம். பரிந்துரை என்றதும் கலங்காதீர்கள், அது முத்திரை குத்துவது அல்ல. எந்த வழியானாலும் 'வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்' என்று யாராவது சொன்னால், காரணம் என்ன என்று நிதானமாகக் கேளுங்கள். நல்ல காரணத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

கடைசியாக, அன்று பாட்டியும் வரட்டும். மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று இப்போதே மருத்துவமனையை அழைத்துக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். அப்போது ஒரு பொறி இருக்கிறது. பிள்ளை 'ண்ணீ' என்றால் நீங்கள் 'அவனுக்குத் தண்ணீர் வேண்டுமாம்' என்று முழு வாக்கியமாக அழகுபடுத்திச் சொல்வீர்கள். எல்லா அம்மாவும் அப்படித்தான். அதைச் செய்யாமல், அவன் சொன்ன ஒலியை முதலில், பொருளைப் பிறகு, அவ்வளவு மட்டும் சொல்லுங்கள். சிகிச்சையாளர் சொல்வதை அவனிடம் சொல்லும்போது கையால் சுட்டிக் காட்டிவிடாதீர்கள். குறித்த நேரம் அவன் தூங்கும் நேரமாக இருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள். பசியோடு கூட்டிவர வேண்டாம். வீட்டில் எதைப் பார்த்தால் அதிகம் பேசுவானோ, அந்தப் பொம்மை வண்டி சக்கரம் கழன்றதாக இருந்தாலும் பரவாயில்லை, நோட்டுப் புத்தகத்தோடு அதே பையில் போட்டுக்கொள்ளுங்கள்.