ஸ்கோப்பும் கெத்தும்: வாசகர் கேள்விகள்

ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் (மேலே மாட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கி) வாங்கப் போகிறேன். பார்க்கக் கெத்தாக இருக்க வேண்டும். வெள்ளி நிறமா, கறுப்பா? (திருமங்கலம்)

கறுப்பு. அதிலும் பளபளப்பில்லாத மேட் கறுப்பு. என் முதல் ஸ்கோப் வெள்ளி நிறம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கையில் வாங்கிப் பார்த்தார்கள். சித்திரை வெயிலில் மண்மேட்டுக்கு முன்னால் அட்டையை வைத்துக் குறி பார்த்தேன். குழாயில் பட்ட வெயில் கண்ணில் அடித்ததில் அட்டையே தெரியவில்லை.

முன் கண்ணாடி மாணிக்கச் சிவப்பாக மின்னினாலும் மயங்காதீர்கள். சிவப்பு ஒளியை வெளியே திருப்பி அனுப்புவதால் வரும் மினுக்கு அது. உள்ளே காட்சி பச்சையடித்துத் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைக்குப் போங்கள். ஸ்கோப்பை மட்டும் வாசலுக்கு எடுத்து வந்து எதிர்ச்சாரியில் உள்ள போர்டின் பொடி எழுத்தைப் பாருங்கள். நடுவில் தெளிவாக இருந்து ஓரத்தில் எழுத்து கரைந்தால் வேறொன்றைக் கேளுங்கள்.

4-12×40, 6-24×50 என்று போட்டிருக்கிறதே, பெரிய நம்பர்தானே நல்லது? (மேலூர்)

இல்லை. முதலில் இருப்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது: 4-12 என்றால் 4 முதல் 12 மடங்குவரை மாற்றலாம். கடைசி எண் முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 4 மடங்கில் வைத்தால், 40-ஐ 4-ஆல் வகுத்து 10: கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 10 மி.மீ. மற்றதை 24 மடங்கில் வைத்தால், 50-ஐ 24-ஆல் வகுத்து 2 சொச்சம்தான், பொழுது சாய்ந்தால் மங்கிவிடும். போதாததற்கு 24 மடங்கில் உங்கள் நாடித்துடிப்பும் சேர்ந்து ஆடும். கண்ணாடி பெரிதானால், ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் மவுண்டையும் உயர்த்த வேண்டும். கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியாது.

வேட்டை ரைஃபிளுக்கே போடுகிற ஸ்கோப் என்று சொல்லித் தந்தார்கள். என் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் மாட்டினேன். சில வாரத்தில் குறி ஓடிவிட்டது. (உசிலம்பட்டி)

முதலில் மவுண்ட் திருகுகளைப் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே தீர்ந்துவிடும். இறுக்கமாக இருந்தால் ஸ்கோப்தான் போயிருக்கும். வேட்டை ரைஃபிள் பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னால் உதைத்து, பிஸ்டன் முட்டியதும் முன்னாலும் இழுக்கும். அந்த இரட்டை அடி சாதாரண ஸ்கோப்பின் உள்ளே இருப்பதைக் கழற்றிவிடும். ஏர்கன்னுக்கென்றே செய்ததை வாங்குங்கள்.

இன்னொன்று, வேட்டை ஸ்கோப்பில் வழக்கமாக 100 கெஜத்தில் பாரலாக்ஸ் இல்லாதபடி வைத்திருப்பார்கள், கிட்டத்தில் அது தலைகாட்டும். துப்பாக்கியை மணல்மூட்டையில் அசையாமல் வைத்து, 10 மீட்டர் அட்டையைப் பார்த்தபடி தலையை மட்டும் மெல்ல அசையுங்கள். குறுக்குக்கம்பி அட்டைமேல் நகருகிறதா? அதுதான் பாரலாக்ஸ். 10 மீட்டர்வரை திருகிச் சரிசெய்யும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

மகள் 10 மீட்டர் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாள். எந்த ஸ்கோப்? (அனுப்பானடி)

எதுவும் வேண்டாம். ஒலிம்பிக் முறைப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியில்லை. துளை வழியே பார்க்கும் பீப் சைட்தான். அந்தக் காசில் நல்ல பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) வாங்குங்கள்.

அழகர்மலைப் பக்கம் முயல், கௌதாரி அடிக்க எது தோதுப்படும்? (பெயர் வேண்டாம் என்கிறார்)

பெயர் போடாததே நல்லது தம்பி. 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அதற்கு ஸ்கோப் சொல்ல மாட்டேன். 8×42 பைனாகுலர் சொல்கிறேன்: விடியலில் அரிட்டாபட்டிக்குப் போய்ப் பாறை விளிம்பைப் பாருங்கள், லக்கர் வல்லூறு உட்கார்ந்திருந்தாலும் இருக்கும்.